படையில் இருப்பவருக்குக் கையால் ஏதாவது செய்து அனுப்பப் போகிறீர்களா?

தம்பி படையில் சேர்ந்த வருஷம் நான் அனுப்பிய முதல் பார்சலை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. சிவப்பு அக்ரிலிக் நூலில் பின்னிய ஒரு பெரிய போர்வை, வாசனைப் பொடி போட்டுத் தைத்த துணிப்பை, கண்ணாடி போட்ட போட்டோ ஃபிரேம், நாலு பக்கக் கடிதம், அந்தக் கடிதத்தில் "கிடைத்ததும் உடனே பதில் போடு" என்று இரண்டு தடவை. மூன்று வாரம் கழித்து போனில் பேசினான். "அக்கா, எல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனா இதை எங்க வெச்சுக்கறது?" அவனுக்கென்று அங்கே இருந்தது ஒரு கட்டில், ஒரு பெட்டி, முதுகில் மாட்டும் ஒரு பை, அவ்வளவுதான். இடம் மாறச் சொன்னால் அத்தனையையும் அவனேதான் தூக்க வேண்டும்.

அன்றிலிருந்து எதைச் செய்ய உட்கார்ந்தாலும் முதலில் எடையைத்தான் பார்க்கிறேன். கையில் தூக்கும் எடை ஒன்று, மனசில் ஏறும் எடை இன்னொன்று. போர்வையாவது யாருக்காவது கொடுத்துவிடலாம், "உடனே பதில் போடு" என்பதை அவன் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பான்?

அதனால் நூலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவரிடமோ அவர் வீட்டாரிடமோ சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டாம், சொல்லவும் முடியாது, தெரிந்தாலும் அது நம் வாயில் தங்காது. குளிரா வெயிலா, துணி துவைப்பது மெஷினிலா வாளியிலா, சீருடையோடு போட என்ன நிறம் அனுமதி, எந்த வாசனையாவது துணியாவது ஒத்துக்கொள்ளாதா, இது போதும். பின்னிய பின்னல் சரியாகப் போய்ச் சேருவது பாதிக்குமேல் இந்தக் கேள்விகளால்தான், விரல் நுணுக்கமெல்லாம் அப்புறம்.

நூல் எது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கடையில் விலை குறைவாகவும் கலர் கலராகவும் கிடைப்பது அக்ரிலிக் நூல். வீட்டில் போட்டுக்கொள்ள அது போதும், தீ பக்கத்தில் இருக்கும் வேலைக்குக் கூடாது. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உருகிவிடும், நைலானும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான், அக்ரிலிக்கோ தீப்பிடித்து உருகிச் சொட்டும். உருகியது தோலோடு ஒட்டிக்கொண்டால் காயம் பல மடங்கு மோசமாகும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2006இல் இராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமைவிட்டு வெளியே போகும்போது பாலியஸ்டர், நைலான் மாதிரியான செயற்கை இழை விளையாட்டு உடைகளைப் போடக் கூடாது என்று தடையே வந்தது, இந்தக் காரணத்துக்காகத்தான். ஆட்டு ரோமத்தில் வரும் சுத்தக் கம்பளி அப்படி உருகாது. தீப்பிடிக்கவே சுமார் 570 டிகிரி வேண்டும், பிடித்தாலும் கருகிப்போகுமே தவிர வழியாது. போதாததற்கு, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது, வியர்த்த தலைக்கு இதைவிட என்ன வேண்டும்.

அதனால் தோலை ஒட்டிப் போடுகிற எதுவாக இருந்தாலும் 100 சதவீதம் கம்பளி, இல்லையென்றால் பருத்தி. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், "உல்லன்" என்று கடைக்காரர் சொல்வது பாதி நேரம் அக்ரிலிக்காகத்தான் இருக்கும். லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, தண்ணீர் வைத்த கிண்ணத்துக்குமேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, மிச்சம் விரலில் பொடிந்தால் கம்பளி. கெட்டியாக, மணி மாதிரி உருண்டால் செயற்கை. மெஷினில் துவைக்கிற இடம் என்றால் "சூப்பர்வாஷ்" என்று போட்ட கம்பளியை வாங்குங்கள், மற்றது ஒரே துவையலில் பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிவிடும்.

நிறம் கருப்பு, பழுப்பு, ஆலிவ் பச்சை, மணல் நிறம். உங்களுக்கு சப்பென்று தெரியலாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போட முடியாத அழகு பெட்டியிலேயே கிடக்கும்.

குல்லா

புதிதாகப் பின்னுபவர் இதிலிருந்து தொடங்கலாம். முகத்தை மூடும் பாலக்லாவா குல்லாவுக்கே பேர் வந்தது கிரிமியப் போரில், 1854 அக்டோபரில் சண்டை நடந்த ஊரிலிருந்துதான், அவ்வளவு காலமாக வீட்டில் இருப்பவர்கள் குளிரில் நிற்பவனின் தலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், காதை மூடும் சாதாக் குல்லா போதும்.

டி.கே. எனப்படும், நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய கனத்தில் கம்பளி, 4 மி.மீ. சர்க்குலர் ஊசி, அதாவது வளையும் கம்பியால் இணைந்த இரட்டை ஊசி. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிற கை என்றால் 104 கண்ணி போட்டு வட்டமாக இணையுங்கள், முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று 15 செ.மீ. உயரம் வரை ரிப், அதாவது இழுபடுகிற வரிப் பின்னல். சுற்றளவு 47 செ.மீ.தான் வரும், சின்னதாயிற்றே என்று பயப்படாதீர்கள், ரிப் இழுத்துக் கொடுக்கும், 57 செ.மீ. தலையில் வழுக்காமல் பிடித்து நிற்கும். அப்புறம் எல்லாமே நிட். கண்ணிகளை 8 பங்காக, பங்குக்கு 13 என்று பிரித்து அடையாள வளையம் போட்டு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு பங்கிலும் கடைசி இரண்டு கண்ணியை ஒன்றாக்குங்கள். பங்குக்கு 5 கண்ணி ஆனதும் எல்லாச் சுற்றிலும் குறைக்கலாம், ஊசி இடம் கொடுக்காவிட்டால் இருமுனை ஊசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி, அவற்றுக்குள் கோத்து இழுத்து, வால் நூலை உள்பக்கமாகப் பல திசையில் செருகி விடுங்கள்.

உச்சியில் முடிச்சுப் போடக் கூடாது, குஞ்சம் வைக்கக் கூடாது, ஓரத்தை மடித்து இரட்டையாக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்குள் போடுகிற குல்லா கனமாக இருந்தால் ஹெல்மெட் உட்காருகிற விதமே மாறிவிடும், அது பாதுகாப்பு விஷயம். நான் பின்னிய முதல் குல்லா தட்டையாகப் பின்னிப் பின்னால் தைத்தது, நெற்றிப் பக்கம் வந்துவிட்ட அந்தத் தையல் அவனுக்கு நாலு மணி நேரத்தில் விரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. "குத்துது" என்று அவன் சொல்லவில்லை, போட்டோவில் நெற்றியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பின்னி முடித்த குல்லாவைப் போட்டு, அதற்குமேல் இறுக்கமான பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் வீட்டு வேலை பார்ப்பது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கே உறுத்துகிறதோ அங்கே ஒரு முடிச்சு இருக்கும், பிரித்துச் சரி செய்யலாம்.

கால், கழுத்து, மணிக்கட்டு

சாக்ஸைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்று நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் அழுகியபோது, உலர்ந்த சாக்ஸ்தான் மருந்தாக இருந்தது, வீடு வீடாகப் பின்னித் தள்ளினார்கள். விரல் நுனியில் தையல் மேடு தெரியாமல் மூடுகிற பின்னலுக்கு இன்றைக்கும் அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயர்தான். இருந்தாலும் என் கருத்து, சாக்ஸ் பின்னிப் பழகாதவர் பூட்ஸுக்குள் போடும் சாக்ஸில் கைவைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் 20 கிலோமீட்டர் நடையில் கொப்புளம். படுக்கும்போது போடுகிற தளர்வான சாக்ஸ் பின்னுங்கள், அதில் தப்பு நடந்தாலும் யார் காலும் போகாது.

வெயில் ஊருக்குக் கழுத்துப்பட்டை. சுமார் ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலப் பருத்தித் துணியை நீளவாக்கில் மடித்துக் குழாய் மாதிரி அடித்து, நடுப்பகுதியில் நாலு அறை வருகிற மாதிரி குறுக்கே தையல் போட்டு, ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் உறிஞ்சும் பாலிமர் மணியைக் கொஞ்சமாகப் போட்டு மூட வேண்டும். தொட்டிச் செடிக்குப் போடுகிற அதே மணிதான். கொஞ்சமாக என்றால் நாலு அறைக்கும் சேர்த்து ஒன்றரை டீஸ்பூன். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அங்கேதான் நான் ஏமாந்தேன். தாராளமாக அறைக்கு ஒரு ஸ்பூன் போட்டு வாளியில் ஊறவைத்துவிட்டுத் திரும்பினால் தையல் பிரிந்து வாளி முழுக்க ஜெல்லி, இரண்டு நாள் அள்ளினேன். அதனால் அனுப்புவதற்கு முன் ஒன்றையாவது அரைமணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். ஈரம் ஆவியாவதால்தான் குளிர்ச்சி வருகிறது, ஆகவே காய்ந்த வெயிலில் பிரமாதமாக வேலை செய்யும், புழுக்கமான கடலோரத்தில் சும்மா கழுத்தில் தொங்கும்.

பாராகார்ட் கைப்பட்டை பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். பாராசூட்டில் கட்டுகிற கயிறு அது, 550 என்று போட்டிருந்தால் 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பொருள், உள்ளே 7 இழையாவது இருக்கும். 18 செ.மீ. மணிக்கட்டுக்கு இரண்டரை மீட்டர் போதும். அவசரத்துக்குப் பிரித்துக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் இதன் அழகு. பளபளக்கும் உலோகக் கொக்கி வேண்டாம், கருப்பு பிளாஸ்டிக் கொக்கி. இதுவும் நைலான்தான் என்பதை மறக்க வேண்டாம், சூடான இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு இதை அனுப்பாதீர்கள், பையில் தொங்கவிடச் சொல்லலாம்.

பாக்கெட்டில் ஒரு துணி

இதுவரை சொன்னது எல்லாம் உடம்புக்கு. நான் செய்வதிலேயே மனசுக்கு நேராகப் போய்ச் சேருவது என்று நினைப்பது உள்ளங்கை அகலத் துணி ஒன்று, செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. 8 செ.மீ. சதுரம், தீப்பெட்டி கனம்கூட வராது, சட்டைப் பையில் இருப்பது யாருக்கும் தெரியாது.

வீட்டில் வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பருத்தித் துணியாக எடுங்கள். அவர் சின்ன வயசில் போட்ட சட்டை, குழந்தையைச் சுற்றி வைத்த துணி, படுக்கை விரிப்பின் நடுப்பகுதி. கடையில் வாங்கும் புதுத் துணியில் அந்த மென்மையை எதைப் போட்டாலும் வரவைக்க முடியாது. 10 செ.மீ. சதுரமாக இரண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, சுற்றிலும் 1 செ.மீ. விட்டு அடித்து, ஒரு பக்கத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, மூலைகளைக் குறுக்கே நறுக்கிவிட்டு வெளியே திருப்புங்கள். உள்ளே பஞ்சு அடைக்க வேண்டாம், பழைய டவல் துண்டு ஒன்று போதும். திறந்த இடத்தை எம்மிங் போட்டு மூடிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒரு பக்கத்தை வழவழப்பாகவே விட்டுவிட்டு, மறுபக்கத்தில் ஆறு இழைத் தடித்த நூலால், ஒவ்வொரு தையலும் ஒரு அடி பின்னால் போய் வருகிற பின் தையலில், மூன்று நாலு வரி ஓட்டுங்கள், விரலால் தடவினால் மேடு தெரிய வேண்டும். நேர்க்கோடு ஒன்று, வளைந்தது ஒன்று, ஒரு மூலையில் சின்ன முடிச்சு. இருட்டில், பார்க்காமலே, கட்டைவிரல் அந்த வரியிலேயே போய்த் திரும்பி வரும். பதற்றம் ஏறும்போது கண் முன்னால் இருப்பதை எண்ணு, கையில் தட்டுப்படுவதைத் தொட்டுப் பார் என்று மனநல ஆலோசகர்கள் சொல்லித் தருவார்கள், மனசை இப்போது இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வரும் உத்தி அது. அந்த நேரத்தில் தொடுவதற்குக் கையில் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் இதன் வேலை.

ஜப்பானில் போருக்குப் போகிறவர்களுக்குச் செனின்பாரி என்று ஓர் இடுப்புத்துணி கொடுத்தனுப்புவார்களாம், ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சாகப் போட்டது. புலி வருஷத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயசு எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம். தாயோ மனைவியோ தெருமுனையில் துணியோடு நின்று போகிற வருகிற பெண்களை நிறுத்திக் கேட்பார்களாம். ஆயிரம் பேருக்கு நாம் எங்கே போவது, ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வரி தைக்கலாமே. என் பெண் ஏழு வயசில் தைத்த வரி கோணல்மாணலாக ஓடி நடுவில் ஒரு இடத்தில் முடிச்சு விழுந்துவிட்டது, பிரிக்கப் போனேன், அவள் அழுதாள், அப்படியே விட்டுவிட்டேன். அவன் எந்த வரி யாருடையது என்று கேட்கவே இல்லை, அந்த முடிச்சைத் தடவிப் பார்த்ததும் தெரிந்ததாம்.

வாசனை தடவாதீர்கள். வீட்டு மணம் வீட்டு ஞாபகத்தைக் கொண்டு வரும் என்பது உண்மைதான், மூக்கில் ஏறுவது நேராக ஞாபகத்தைக் கிளப்பிவிடும், ஆனால் எந்த ஞாபகத்தை என்பது நம் கையில் இல்லை. அதே காரணத்துக்காக, திறந்தால் பாடுகிற கார்டு, வெடிக்கிற மாதிரி சத்தம் போடும் காகிதம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம், சண்டை பார்த்து வந்தவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இன்னும் கவனம்.

அடிபட்டுப் படுத்திருப்பவருக்கு

இதைப் பலர் யோசிப்பதில்லை. எலும்பு முறிந்து காலைச் சுற்றி இரும்புக் கம்பி வைத்திருப்பவரால் சாதாரண பேண்ட்டுக்குள் காலை விட முடியாது. ஆஸ்பத்திரி அங்கியிலேயே வாரக்கணக்கில் கிடப்பார், ஆட்கள் பார்க்க வரும்போது போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வார். ஒரு தளர்வான பருத்தி அரைக்கால் சட்டையை வாங்கி, இரண்டு பக்கத் தையலையும் இடுப்பு வரை பிரித்து, முன்பக்க ஓரத்தில் 4 செ.மீ. அகலப் பட்டை சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி 8 செ.மீ.க்கு ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் முடிந்தது, படுத்தபடியே போர்த்திப் பூட்டிவிடலாம். வெல்க்ரோவும் வைக்கலாம், ஆனால் ராத்திரி வார்டில் அது கிழிகிற சத்தம் இருக்கிறதே, அதனால் நான் பட்டன் பக்கம். மேல்சட்டைக்கும் இதே மாதிரி தோள் தையலைத் திறந்துவிடலாம். செய்வதற்கு முன் வார்டு நர்ஸிடம் எந்தப் பக்கம் குழாய் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூட வைக்கும் சீட்டு

பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூட ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதத் தெரியாது என்பவர்களுக்கு ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். ஜெரோம் மோட்டோ என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அவர் படையில் இருந்தபோது, கொஞ்ச நாள் மட்டுமே பழகிய ஒரு பெண் விடாமல் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம், அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, அன்றாடக் கதைதான். அது தன்னைத் தாங்கிப் பிடித்ததை மறக்காத மோட்டோ, பின்னால் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஆய்வு செய்தார். தற்கொலை எண்ணத்தாலோ மனச்சோர்வாலோ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று போய்விட்ட 843 பேரில் ஒரு பாதிப் பேருக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்குச் சிறு கடிதங்கள். எப்படி இருக்கிறீர்கள், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விருப்பம் இருந்தால் எழுதுங்கள், அவ்வளவுதான் விஷயம். கடிதம் போனவர்களிடையே முதல் இரண்டு வருஷத்தில் தற்கொலை குறைவாக இருந்தது. ஒன்றும் கேட்காமல், ஒன்றும் எதிர்பார்க்காமல் வந்த கடிதம் என்பதுதான் அதில் சேதி.

அதனால் சீட்டில் கேள்வி வேண்டாம். எப்போது வருவாய், ஏன் போன் பண்ணவில்லை, அங்கே என்ன நடக்கிறது, எதுவும் வேண்டாம். நாட்டுப்பற்று வசனமும் வேண்டாம், காலையில் எழுந்து பாத்ரூம் கழுவும் முறை வந்தவனிடம் போய் "வீரத் திருமகனே" என்றால் அவன் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டிச் சிரிப்பான். வீட்டில் நடந்த சின்ன விஷயம் ஒன்றை மட்டும் எழுதுங்கள். கிணற்றடிப் பூனை மூன்று குட்டி போட்டது, மாடி பல்பை மாற்றப் போய் அப்பா ஏணியோடு சரிந்தார் அடி இல்லை, இந்த மாதிரி. கடைசி வரி எனக்கு எப்போதும் ஒன்றுதான்: "பதில் எழுதணும்னு இல்லை, அடுத்த மாசம் நானே எழுதறேன்." எழுதியபடி அடுத்த மாதம் எழுதிவிடுங்கள், ஒரே பார்சலில் பத்து சாமான் போட்டு அப்புறம் ஒரு வருஷம் மறப்பதைவிட மாதம் ஒரு குட்டிக் கவர் எவ்வளவோ மேல்.

பதில் வந்து, அதில் அவர் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால், அடுத்த குல்லாவைப் பின்ன உட்காராதீர்கள். அன்றைக்கே பேசுங்கள், நேராகவே கேளுங்கள், அவர் படைப்பிரிவின் மருத்துவருக்கோ உதவி எண்ணுக்கோ சேதி போகும்படி பாருங்கள். நூலால் ஆகிற காரியம் இல்லை அது.

கட்டி அனுப்புவது

இங்கே சுருக்கமாகப் போகலாம். எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றிப் போடுங்கள், அந்தக் கவரே அங்கே மண்ணும் ஈரமும் படாமல் சாமான் வைக்க உதவும். இடைவெளியை அடைக்கத் தெர்மகோல் வேண்டாம், கைக்குட்டையைச் சுருட்டி அடையுங்கள். பேட்டரி, ஸ்பிரே, தீப்பெட்டி, லைட்டர், திரவம் எதுவும் கூடாது, மெழுகு வெயிலில் உருகி எல்லாவற்றையும் கெடுக்கும். வெளிநாடு போகிறது என்றால் சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று ஒற்றை வார்த்தை எழுதாமல், கம்பளிக் குல்லா 3, பருத்தி கழுத்துப்பட்டை 2 என்று பிரித்து எழுதுங்கள். போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், விசேஷ நாளுக்கு என்றால் ஒன்றரை மாதம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். முகவரியோடு பெட்டியைப் போட்டோ எடுத்து எங்கேயும் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அனுப்பாமல் நாலைந்தாக அனுப்புங்கள். ஒருவனுக்குப் பார்சல் வரும்போது பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதில் யாரிடமிருந்தும் எதுவும் வராத ஒருவன் நிச்சயம் இருப்பான். தம்பி எப்போதும் அவனிடம்தான் முதலில் நீட்டுவானாம், "அக்கா ஜாஸ்தியா அனுப்பிட்டா" என்று சொல்லி. வாங்குகிறவனுக்குக் கூச்சம் வராத அளவுக்கு அந்தப் பொய் வசதியாக இருக்கிறது.

ஆளாளுக்குத் தேவை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 1914 கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் இளவரசி மேரி பெயரில் படையினருக்குப் பித்தளைப் பெட்டி அனுப்பினார்கள், உள்ளே புகையிலையும் சிகரெட்டும். புகை பிடிக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுபொருளும், நர்ஸ்களுக்குச் சாக்லேட், சீக்கியப் படையினருக்குக் கற்கண்டும் மசாலாவும் என்று பெட்டியையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் அனுப்பியவர்களுக்கே அவ்வளவு பார்க்க முடிந்திருக்கிறது. முன்பின் தெரியாத படைவீரருக்கு அனுப்ப ஆசை என்றால் நேரடியாக "யாராவது ஒரு வீரருக்கு" என்று எழுதிப் போட முடியாது, அமெரிக்காவில் 2001இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் வந்த பிறகு அதை நிறுத்தியே விட்டார்கள், அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும், அமைப்புக்கு அமைப்பு அளவும் விதியும் வேறு.

திரும்பி வந்த பிறகு

எல்லோரும் நிறுத்திவிடுகிற இடம் இது. ஆள் வீட்டுக்கு வந்தாயிற்று, மாலை போட்டாயிற்று, இனி என்ன என்று விட்டுவிடுவோம். தூக்கம் வராமல் அவர் ஹாலில் உட்கார்ந்திருப்பது அதற்கப்புறம்தான். பெரிய போர்வையின் காலம் இப்போது, தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை அல்லவா. 2003இல் அமெரிக்காவில் ஒரு படைவீரரின் தாய் தொடங்கிய குவில்ட்ஸ் ஆஃப் வேலர் என்ற அமைப்பு போரின் பாதிப்பு தொட்ட படையினருக்கென்று இதுவரை லட்சக்கணக்கில் ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறது. 55க்கு 65 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 72க்கு 90ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் அளவு. சோபாவில் ஆள் முழுசாகப் போர்த்திக்கொள்ள அது சரியான அளவுதான், நானும் அதையே வைத்துக்கொண்டேன். வந்த உடனே கொடுக்காமல் இரண்டு மாதம் கழித்து, கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு கொடுங்கள்.

தம்பி போன தடவை லீவில் வந்தபோது, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்தத் துணி கிடைத்தது. மண் நிறத்துக்கு வந்திருந்தது, தையல் வரியில் ஒன்று தேய்ந்தே போய்விட்டது. புதுசாக ஒன்று தைத்துத் தரட்டுமா என்றேன். "வேண்டாம்க்கா, ஓரம் மட்டும் பிரியுது பாரு, அதை அடிச்சுக் குடு." துவைக்கவில்லை. பிரிந்த ஓரத்தில் மட்டும், பழைய தையல் ஓட்டையிலேயே ஊசி போகிற மாதிரி, எம்மிங் போட்டுக் கொடுத்தேன். உங்களிடம் திரும்பி வந்தாலும் அப்படியே செய்யுங்கள், தேய்ந்த வரியை மறுபடி தைக்க வேண்டாம்.